பெண் பார்க்க வந்தவனும் எட்டு முட்டிகளும்

சகாய பிரவீன் விழுப்புரத்தில் பிசியோதெரபிஸ்ட். அது தெரிந்த நிமிடமே திண்டிவனத்து வீட்டில் பெண் பார்ப்பது நின்றுபோயிற்று.

கல்யாணப் பெண்ணான வெனிலா, காபித் தட்டோடு வந்தபோது அவன் அவளுடைய அப்பா லூர்துநாதனின் வலது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எண்ணெய்க் கட்டு மூணு வாட்டி போட்டாச்சு தம்பி. இனிமே ஆபரேசன்தானா?”

“அது கடைசிங்க. மொதல்ல தொடைக்கு பலம் வரணும்.”

அத்தை சவுரியம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் முட்டியிலயே ஊசி போட்டுக்கினேன். நாலு மாசம் ஓடினேன். இப்ப மறுபடியும் பேஜாரு.”

“ஊசி வலிய கொஞ்ச நாள் அடக்கும். பயிற்சிய நாமதான் பண்ணணும் அத்தை.”

அத்தை என்றுவிட்டானே! வெனிலா இன்னும் சரி என்றே சொல்லவில்லை.

அவன் ரயிலுக்குக் கிளம்புவதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். தனியாக ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் சொல்வேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அடம் பிடித்திருந்தாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்குள் அவன் துண்டு கேட்டான்.

கூடத்தில் பாய் விரிந்தது. அப்பா படுத்தார். அத்தை படுத்தாள். “எனக்கு மட்டும் இன்னா இரும்பு முட்டியா?” என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவும் படுத்தாள். மல்லாட்டைக் கடலை உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, அவனுடைய அம்மா ஜாக்குலினும் கடைசியாக இடம் பிடித்தாள்.

“வீட்ல ரெண்டு வருசமா கெஞ்சறேன், இங்க வந்து படுக்கறாங்க பாருங்க!” என்றான் பிரவீன். “துண்டு முட்டிக்குக் கீழ இருக்கட்டும். அமுக்குங்க. அஞ்சு வரைக்கும் எண்ணுங்க.”

“ஒண்ணு!” என்று நாலு பேரும் கத்தினார்கள்.

வெனிலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் ஒரு துண்டைச் சுருட்டி எடுத்துவந்து, வரிசையின் கோடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அவன் குனிந்தான். “உங்களுக்குமா? எங்க வலிக்குது?”

“வலியில்ல. ஒண்ணு கேக்கணும்.”

“ஜல்தியா கேளுங்க. ரெண்டு வந்துட்டாங்க.”

“இங்க லேப்ல வேலை செய்யறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் விழுப்புரத்துலேர்ந்து ரயில்ல வந்து போவேன். விடுவீங்களா?”

“நாலு!” என்றது பாய்.

அவன் வரிசையை ஒரு பார்வை பார்த்தான். “விடறதா? ஞாயித்துக்கிழமைல நானும் கூட வரணும் போலருக்கே. எங்க அம்மாவுது போனாலும் இங்க ஆறு முட்டி இருக்குது.”

“அஞ்சு!”

“பேசிட்டியாம்மா?” என்று படுத்தபடியே கேட்டார் அப்பா.

“பேசிட்டேன்பா. எனக்குப் புடிச்சிருக்கு.”

“மாப்ள!” என்று அப்பா கூவ, சந்தோஷத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கப் பார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. ஆளுக்கொரு கையாகப் பிடித்து, வெனிலாவும் பிரவீனும் முதலில் ஜாக்குலினைத் தூக்கினார்கள்.