காலிக் குழிகளில் ஊதா

ஆய்வகத்தில் அவளைச் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. வெள்ளைத் தேயிலை விற்கும் அக்கா புருஷன், கெடுதல் ஏதும் உண்டா என்று பார்க்கச் சொல்லி சாம்பிளை நீட்டியபோதுகூட, "மாமாங்கிறதுக்காக ஒரு புள்ளி கூட்டிப் போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள்.

தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். அவற்றில் செல்களை வளர்த்து, தேயிலைச் சாற்றை ஊற்றி, மறுநாள் மஞ்சள் சாயம் விட வேண்டும். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்தது சும்மா கிடக்கும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மதிப்பெண். சாறு ஊற்றாத செல்களுக்கு நூறு மதிப்பெண் என்றால், இருப்பதிலேயே கெட்டியான சாற்றுக்கு நூற்றிருபது வந்தது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்னு டப்பாவுல அச்சடிச்சிடறேன். உங்கக்கா இப்பவே தினம் பத்து கப் குடிக்கிறா, அதுவும் கெட்டியா!"

அவளுக்குச் சுருக்கென்றது. டப்பா எக்கேடோ கெட்டுப் போகட்டும், அக்கா?

"கெடுதல் இல்லன்னா நூறு வரலாம் மாமா. நூத்திருபது எப்படி வரும்? உங்க டீயைக் குடிச்சு செல்லு குட்டி போட்டுச்சா?"

புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள். அதில் செல்லே போடவில்லை. சாறும் சாயமும் மட்டும். மூன்று மணி நேரம் மாமா கைக்கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறி முறைத்தார். தட்டை வெளியே எடுத்தால், குழிகள் அத்தனையும் ஊதா.

"இதுல யாரு உயிரோட இருக்கா?" என்றார் மாமா, குழம்பிப்போய்.

"ஒருத்தரும் இல்ல. உங்க தேயிலையே சாயத்தை மாத்திடுது. உள்ள எல்லாம் செத்துக் கிடந்தாலும் சௌக்கியம்னுதான் காட்டும்."

மறுபடி செல் வளர்த்தாள். இம்முறை சாற்றைச் சுத்தமாகக் கழுவி எடுத்த பிறகே சாயம் விட்டாள். இரண்டு நாள் கழித்து மாமா வந்தபோது தாள் தயாராக இருந்தது. சாதாரணமாகக் குடிக்கும் பதத்துக்குத் தொண்ணூற்றெட்டு. கெட்டிச் சாற்றுக்கு முப்பது.

"தட்டுல இருக்கறது வெறும் செல்லு, முழு மனுஷி இல்ல. அக்காவுக்கு என்ன ஆகும்னு இது சொல்லாது. ஆனா இந்தக் கெட்டிக்குப் பத்திரம்னு என் கை கையெழுத்துப் போடாது."

மாமா தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு செல்போனை எடுத்தார். அச்சகத்துக்குத்தான் பேசப் போகிறார், கெஞ்சினாலும் மசியக் கூடாது என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான். இப்ப என்ன குடிச்சிட்டிருக்க?" என்றார் மாமா. "சரி, அந்தக் கப்பை அப்படியே கீழ வை."