மூன்றாம் மாடிக்கு மேலே

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் குடியிருந்த அத்தனை பேரையும் ஒரே காலையில் நான் சாகடித்துவிட்டேன். சங்கத்துச் செயலாளர் தப்பித்தார். அவர் முதல் மாடி.

குடியிருப்போர் சங்கத்துக்கு முகவரிப் புத்தகம் ஒன்று போட வேண்டும் என்று பேச்சு வந்ததும், கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார் அவர். நான் பிழைப்புக்குச் செய்வதும் அதுதான். குறியிட்டுக் கொடுக்கும் எழுத்தை வாங்கி ஒழுங்கான பக்கங்களாக அடுக்கித் தரும் நிரல் எழுதுகிறேன். வீட்டிலிருந்தே வேலை. கைபேசி படுக்கையறையில் சார்ஜில் கிடக்கும். நாத்தனாரைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. பேச ஆளில்லாத வீட்டில் வேலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வரட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

என் நிரலில் எல்லாமே அடைப்புக்குறிக் கணக்கு. ஒருவருடைய விவரம் திறக்கும் குறியில் தொடங்கி மூடும் குறியில் முடியும். உள்ளே எழுத்தைப் பெரிதாக்கலாம், சாய்க்கலாம், கோடு போடலாம். மூடும் குறி வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உள்ளே நடந்தது உள்ளோடு. 'குளோபல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் மட்டும் அந்த மாற்றம் அடைப்பைத் தாண்டி வெளியே போகும். பிறகு யாராவது நிறுத்தினால்தான் நிற்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் திட்டு வாங்குவதே அந்தச் சொல்லுக்காகத்தான்.

மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீடு இன்னும் என் கணவர் பெயரில் இருக்கிறது. புத்தகத்தில் வீடுகள் மாடி வரிசையில் வரும். சங்கத்தின் வழக்கப்படி உரிமையாளர் பெயர் முதலில் வரும், வீட்டில் இருப்பவர் பெயர் அதற்குக் கீழே வரும். உரிமையாளர் இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போட்டு மேலே கறுப்புக் கோடு இழுக்க வேண்டும். மொத்தக் கட்டடத்திலும் அந்த வார்த்தைக்கு வேலை வைத்தது எங்கள் வீடு ஒன்றுதான். போன மழைக்காலத்தில் அவர் போனார். நாத்தனார் கூப்பிடும்போதெல்லாம், "இன்னும் எத்தனை நாள் அண்ணி, அண்ணன் பேர்லயே வச்சிருப்பீங்க?" என்பாள். பார்க்கலாம் என்பேன். புத்தகம் அன்று மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பார்க்கலாம் என்று நிரலிடம் சொல்ல முடியாது.

மற்ற எல்லாரையும் முடித்துவிட்டுக் கடைசியாக அவருக்கு அந்தக் குறியைப் போட்டேன். பக்கம் வந்தது. அவர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' இருந்தது, கோடு இருந்தது. ஆனால் பக்கத்தின் தலைப்பில் வெறும் பெயர்தான் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அந்தப் பக்கத்தின் முதல் பெயர் வரும். எங்கள் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது. பக்கம் முழுதும் நிரம்பிய பிறகே நிரல் தலைப்பை எழுதும். அதற்குள் அடைப்பு மூடி, அவர் இறந்த செய்தி அதற்கு மறந்துபோயிருந்தது.

கீழே இல்லாதவர் மேலே உயிரோடு இருந்தார். டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். தொழில் புத்தி விடவில்லை. தலைப்புக்கும் செய்தி போய்ச் சேரட்டும் என்று 'குளோபல்' என்ற சொல்லைச் சேர்த்தேன், ஊரெல்லாம் நான் திட்டுகிற அதே சொல்லை. மறுபடி ஓட்டி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தலைப்பிலிருந்து என் பெயர்வரை படித்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் பட்டது. செயலாளருக்கு அனுப்பினேன். அவர் தன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்வரை எல்லாருக்கும் அனுப்பிவைத்தார்.

மதியம் இன்டர்காம் அடித்தது. ஆறாம் மாடிக்காரர். லிஃப்ட் பற்றிப் புகார் சொல்லாத நாள் கிடையாது என்பதால் கட்டடமே அவரை லிஃப்ட் சார் என்றுதான் சொல்லும். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். நிதானமாகத்தான் பேசினார். புத்தகத்தின்படி தான் மறைந்துவிட்டதாகவும், இதைப் பார்த்துவிட்டு, மாதக்கணக்காகக் கூப்பிடாத மகன் வெளிநாட்டிலிருந்து பதறியடித்துக் கூப்பிட்டதாகவும் சொன்னார். அந்த வகையில் எனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

கோப்பைத் திறந்து பக்கங்களைப் புரட்டினேன். எங்கள் வீட்டில் போட்ட 'மறைந்த' சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. மூன்றாம் மாடியில் மிச்சமிருந்தவர்கள், நாலாம் மாடி, ஐந்தாம் மாடி, போன மாதம் பிறந்த குழந்தை உட்பட எல்லார் பெயருக்கும் முன்னால் 'மறைந்த'. மன்னிப்புக் கேட்டேன். இதோ சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

"எங்களை விடும்மா," என்றார். "உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த பேரு உங்களோடதுதான். அதுலயும் போட்டிருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி பார்க்கலையா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துமா விட்டீங்க?"

"தப்பா இருக்கற மாதிரி தெரியல சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

"லிஃப்ட் ஓடல," என்றார் அவர். "இறங்கி வர்றேன். கதவைத் திறந்து வைங்க."

திருத்தம் சின்னதுதான். குளோபலை எடுத்துவிட்டேன். தலைப்புக்குப் பெயர் போகும்போதே 'மறைந்த'வையும் அதோடு ஒட்டி அனுப்பும்படி செய்தேன். சுவிட்ச் அவருடைய அடைப்புக்குள் போடப்பட்டு அங்கேயே அணைந்துவிடும். ஓட்டினேன். மாடி மாடியாக எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் தலைப்பிலும் 'மறைந்த', அவர் பெயரிலும் 'மறைந்த'. அதற்குக் கீழே என் பெயர், முன்னால் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றது.

அவர் போன நாளில்கூட இப்படி அழவில்லை. அவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்ததுதான். அடுத்த வரியிலிருந்து நான் இருந்தாக வேண்டும் என்பதுதான் தாங்க முடியவில்லை.

லிஃப்ட் சார் மூச்சு வாங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். தன் பக்கத்தைத்தான் தேடப்போகிறார் என்று நினைத்தேன். திறந்திருந்த எங்கள் பக்கத்திலேயே விரலை வைத்து, என் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துத் தன் கைபேசியில் அழுத்தினார்.

உள்ளே படுக்கையறையில் என் கைபேசி அடித்தது. இந்த நேரத்தில் அது அடித்து நாளாயிற்று. எழுந்துபோய் எடுத்தேன்.

"இருக்கீங்களா?" என்று கூடத்திலிருந்து அவர் குரல் இரண்டு பக்கமும் கேட்டது.

"இருக்கேன் சார்," என்றேன்.