நகமாட்டித் தையல்

டோரீன் டீட்ஸ் தூங்கும்போது மிதப்பாள். விழித்திருக்கையில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. டில்லர்ட் ஊரில் சராசரிக்குச் சற்று மேலான உடம்பு, ருபார்ப் தண்டு வைத்த ‘பை’ என்னும் இனிப்புப் பண்டம் சுடுவதில் நல்ல பெயர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கண் அயர்ந்ததும் மட்டும் உடம்பு தன் எடையை மறந்துவிடும். மெத்தையிலிருந்து மெல்லக் கிளம்பி, போர்வையை நழுவவிட்டு, மூக்கு இடிக்காத குறையாகக் கூரைக்கடியில் போய் நின்று, அங்கேயே குறட்டை விடுவாள். இது தொடங்கியது அவளுடைய ஐம்பத்திரண்டாம் வயதில், அறுவடை முடிந்த வாரத்தில். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க அந்த வருடம் மழை பிந்திவிட்டதால் சோளம் ஈரமாகவே வீடு வந்து சேர்ந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ரத்த அழுத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். பாதிரியார் வேதப் புத்தகத்தில் தேடிப் பார்த்தார். அதில் வானத்துக்கு ஏறிப்போனவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டே போயிருந்ததால், பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

மிதப்பதில் சங்கடம் ஒன்றுமில்லை, விழிப்பதில்தான் இருந்தது. கண் திறந்த அந்த நொடியே எடை மொத்தமாகத் திரும்பிவிடும். முதல் தடவை மெத்தையில் விழுந்தாள். இரண்டாம் தடவை கட்டில் விளிம்பில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் தூங்கப் பயந்தாள். சமையலறை நாற்காலியில் காபியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். அவள் சுட்ட ருபார்ப் பையில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது. கண்கள் குழி விழுந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்கையில் அயர்ந்துபோய் இருக்கையை விட்டுக் கிளம்பியவளை, பின்வரிசை லவோன் கோட்டுப் பட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள், தான் பாடியதில் ஒரு வரிகூட விடாமல். இப்படியே போனால் ஒன்று விழுந்து சாவாள், இல்லையென்றால் தூங்காமல் சாவாள் என்று அவள் கணவன் ஆர்விலுக்குத் தெரிந்துவிட்டது. கோடை வந்தால் ஜன்னல்களை வேறு திறக்க வேண்டியிருக்கும், அவள் அப்படியே வெளியே மிதந்து போய்விடலாம்.

ஆர்வில் டீட்ஸ் ஊரைச் சுற்றியுள்ள சரளைக்கல் சாலைகளைச் சமப்படுத்தும் பெரிய வண்டியை ஓட்டுபவன். அவன் போட்ட சாலையில் வளைவு என்பதே இருக்காது. எதையும் கனமாக வைத்து அமுக்கினால் அடங்கும் என்பது அவன் வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம். முதலில் வண்டியின் தோல்வாரைக் கொண்டுவந்து அவளைக் கட்டிலோடு கட்டினான். "நான் என்ன கசாப்புக்குப் போற பன்னியா?" என்று கேட்டாள் டோரீன். அத்தோடு அது போயிற்று. மணல் மூட்டைகளை வைத்தால் உறையிலிருந்து தலையணை உருவுவதுபோல அவற்றுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு மேலே போனாள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் கூடி ஒட்டுப் போர்வை தைக்கும் பெண்கள் தங்களிடமிருந்த ஆகச் சிறந்த போர்வையைக் கொடுத்தனுப்பினார்கள். ஆர்டிஸ் லிண்ட்க்விஸ்ட் தைத்தது, மாவட்டச் சந்தையில் நீல ரிப்பன் வாங்கியது. தையல் இருப்பதே கையால் தடவினாலும் தெரியாது. அதுவும் அன்றிரவே வழுக்கிக்கொண்டு தரையில் கிடந்தது.

கனம் போதவில்லை என்று ஆர்வில் முடிவு கட்டினான். தன் பழைய வேலை உடுப்புகளையெல்லாம், கிரீஸ் கறை படிந்த கனத்த ஜீன்ஸ் துணிகளை, வெட்டி ஒரு போர்வை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டான். "என் ஊசி அதுக்குள்ள போகாது. எனக்கே அதுக்குள்ள போக மனசு வராது" என்றாள் ஆர்டிஸ். ஆகவே சட்டைப் பொத்தான்கூடத் தைத்தறியாத ஆர்வில், அடுத்த வியாழக்கிழமை உடுப்பு மூட்டையோடு கீழ்த்தளத்துக்குப் படியிறங்கினான். கிண்ணங்களில் கரண்டி சத்தம் நின்றது.

"என்னப்பா ஆர்வில், ரோட்டை விட்டுட்டுத் துணியைச் சமப்படுத்த வந்துட்டியா?" என்றாள் லவோன். அவர்கள் எல்லோரும் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் யாருக்கும் யாரிடமும் பயம் கிடையாது.

முதல் தவறை அவன் வீட்டிலேயே செய்துகொண்டு வந்திருந்தான். கட்டிலை அளந்து, கட்டங்களாகப் பிரித்து, கணக்குப் பிசகாமல் எல்லாத் துணியையும் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தான். ஆர்டிஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "தையலுக்குன்னு ஓரத்துல கால் அங்குலம் விட்டியா?"

"எதுக்கு விடணும்?"

"தையல் துணியைத் தின்னுமேப்பா."

ஆர்வில் தையல் மிஷினை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தான். "எவ்வளவு தின்னும்?"

"எல்லாப் பக்கமும் தின்னும்."

வெட்டியது வெட்டியதுதான், வெட்ட வேறு பழைய உடுப்பும் மிச்சமில்லை. இரட்டைக் கட்டிலுக்கென்று தொடங்கிய போர்வை, வளர்ந்த பிள்ளைக்குப் போதும் என்கிற அளவுக்கு வந்து நின்றது. அடுத்தது இஸ்திரி. சாலையைச் செப்பனிடுவதுபோல முன்னும் பின்னும் அழுத்தித் தள்ளினான். சதுரமெல்லாம் இழுபட்டுக் கோணிக்கொண்டன. "வை, எடு. வை, எடு. தள்ளாத! அது துணி, சரளைக்கல் இல்ல" என்று லவோன் அவன் தோளில் தட்டினாள். ஊசி குத்தித் துணியில் ரத்தம் பட்டபோது, உன் ரத்தத்துக்கு உன் எச்சில்தான் மருந்து, துப்பித் துடை என்றார்கள். துடைத்தான், போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் அவன் நிறையத் துப்பினான்.

மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பழைய விரிப்பு. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கையால் ஓட்டத் தையல் போடும் நாளும் வந்தது. ஆர்வில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வரிசை முடித்து நிமிர்ந்தான். ஒவ்வொரு தையலும் ஒரு மொச்சைக்கொட்டை நீளம். ஒன்று தூக்கலாகவும் ஒன்று தொய்வாகவும் இருந்தது. ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நகமாட்டி" என்றாள்.

கால் நகம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளமான தையலுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. அதைவிடக் கேவலமான வசை அந்தக் கீழ்த்தளத்தில் கிடையாது. பெண்கள் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த ஜெல்லோ இனிப்புக் கூழ் நடுங்கியது. ஆர்விலின் காதுமடல் சிவந்தது. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த வரிசையை ஆரம்பித்தான். அந்த இடத்தில்தான் அவர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனதுதான் வினையாயிற்று. புதிதாகத் தைக்க வருபவர்கள் வீட்டுக்குப் போனபின், தேர்ந்த கைகள் அவர்களுடைய தையலைப் பிரித்துவிட்டுப் பொடித் தையலாகப் போட்டு வைப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். யாரும் வெளியே சொல்வதில்லை. வந்தவர் அடுத்த வாரம் பார்த்து, கை கொஞ்சம் திருந்தியிருக்கிறதே என்று தானே மகிழ்ந்துகொள்வார். மார்ச் மாதம் ஆர்வில் கடைசித் தையலைப் போட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பியதும், ஓரம் கட்ட வேண்டும் என்று பொய் சொல்லிப் போர்வையை நிறுத்திவைத்துக்கொண்டு, ஆர்டிஸும் லவோனும் இடது பாதியைப் பிரித்துத் தைத்தார்கள். அதற்குள் ஊரில் ஒரு சாவு விழுந்தது. சாவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்ய ஆள் வேண்டியிருந்ததால் வலது பாதி அப்படியே நின்றுவிட்டது.

போர்வை வீட்டுக்கு வந்தது. ஆர்வில் அதன் கால்மாட்டை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினான். நீளம் போதவில்லை. தோளை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தோள் தெரிந்தது. டோரீனுக்கு எப்போதும் பாதம் சில்லிட்டுக் கிடக்கும், அதனால் அவள் காலைத் தேர்ந்தாள். கண் அயர்ந்தாள், கிளம்பினாள். ஜீன்ஸின் கனத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. இடது கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வலது கால் வரவில்லை. கொடிக்கம்பத்தில் கட்டிய கொடிபோல டோரீன் ஒற்றைக்காலில் நின்று, ஹீட்டர் காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டு குறட்டை விட்டாள்.

அவளை எழுப்பக் கூடாது என்பதால் ஆர்வில் வீட்டிலிருந்த மெத்தை தலையணை அத்தனையையும் கீழே பரப்பிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். வலது கட்டைவிரல் நகம் அவனுடைய தையல் ஒன்றில் மாட்டியிருந்தது. இடது பக்கத்துத் தையலைப் பார்த்தான். தன் கோணலை அவனுக்குத் தெரியாதா? அது அவன் கை இல்லை.

வியாழக்கிழமை கீழ்த்தளத்தில் போர்வையை விரித்தான். யாரும் நிமிரவில்லை.

"உனக்குத் தலைகுனிவா இருக்கக் கூடாதேன்னுதான் ஆர்வில்..." என்று ஆரம்பித்தாள் ஆர்டிஸ்.

"உன் மனசு எனக்குத் தெரியாதா ஆர்டிஸ்? ஆனா பாரு, உன் பக்கமா அவ கிளம்பிப் போயிட்டா. என் பக்கம்தான் பிடிச்சு வச்சிருக்கு."

ஆர்டிஸ் கத்தரியை எடுத்துத் தன் பொடித் தையலைத் தானே பிரித்தாள். பிராயச்சித்தமாகப் பெரிய தையல் போட்டுத் தருகிறேன் என்று ஊசியையும் எடுத்தாள். எவ்வளவு முயன்றும் அது சின்னதாகவே விழுந்தது. "எனக்கு வரலப்பா" என்றாள், உண்மையாகவே வெட்கப்பட்டு. ஆர்வில் ஊசியை வாங்கிக்கொண்டான். அந்தத் தையலைப் போட அந்த அறையில் அவன் ஒருவனால்தான் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தூங்கப் போன டோரீன், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள். இரண்டு கட்டைவிரலும் மாட்டிக்கொள்ள, மெத்தைக்கு ஒரு சாண் உயரத்தில் கிடந்தாள். போர்வை எட்டாத தோள்மேல் ஆர்வில் தன் கையைப் போட்டிருந்தான். விழித்ததும் ஒரு சாண் விழுந்தாள், என்ன சமைத்தாய் என்று கேட்டாள். அதன் பிறகு அவள் கட்டைவிரல் நகங்களை வெட்டுவதில்லை, செருப்பு மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்கினாள்.

வருடங்கள் போயின. நகம் பட்டுப்பட்டு நூல் அறுந்துபோவதால் ஆர்வில் அவ்வப்போது புதுப் போர்வை தைக்க வேண்டியிருந்தது. அங்கேதான் யாரும் எதிர்பாராத ஆபத்து வந்தது. கை கற்றுக்கொண்டது. மொச்சை அளவாக இருந்த தையல் துவரம்பருப்பாயிற்று, பிறகு அரிசியாயிற்று, நகம் அதில் மாட்டாமல் வழுக்கியது. கையைக் கெடுக்கவென்றே அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தைத்தான். ரேடியோவில் கால்பந்து ஆட்டம் கேட்டுக்கொண்டே தைத்தான். இடது கையால் தைத்தான், கொஞ்ச காலத்தில் இடது கையும் கற்றுக்கொண்டது. ஒரு வருடம் லவோன் அவனுக்குத் தெரியாமல் அவன் போர்வையைச் சந்தைக்குக் கொண்டுபோய் வைக்க, அதற்கு நீல ரிப்பன் கிடைத்தது. ஆர்டிஸ் எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டாள். ஆர்வில் பிக்கப் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் தலைமாட்டை மாற்றிப் படுத்தான். டோரீனின் இரண்டு கட்டைவிரலையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தான். ஊருக்கு வடக்கே போகும் சாலையில் ஒரு வளைவு உண்டு. வண்டியில் அவன் கண்ணசந்த இடம் அது, இன்றும் அப்படியே இருக்கிறது.

"விட்டுடு ஆர்வில்" என்றாள் டோரீன். "உன் மூஞ்சியைப் பாரு, பேய் மாதிரி ஆயிட்ட. கூரை எனக்குப் பழகின இடம்தானே?"

"கூரைக்கு நீ போறதுல எனக்கென்ன? கீழ வர்றதுதானே எனக்குப் பயம்."

"பயந்து பயந்து நீ முதல்ல போயிட்டா, என் காலை எவன் பிடிப்பான்?"

 ஆர்வில் அவள் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள்மேல் அவனுக்கு அப்படி ஒரு ஆசை, அதை வேறு விதமாகச் சொல்ல அவனுக்குத் தெரியாது.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், உணவு மேஜையில் ஆர்விலின் காபிக் கோப்பை தட்டில் பட்டுக் கடகடத்தது. வண்டி எதுவும் தெருவில் போகவில்லை. டோரீன் கோப்பையைப் பார்த்தாள், அவனும் பார்த்தான். அவன் மறு கையையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தான். அதுவும் நடுங்கியது. டாக்டர் வயதானால் இப்படி வருவதுதான் என்று சொல்லி மாத்திரை எழுதித் தரட்டுமா என்றார். "வேண்டாம் டாக்டர், இப்பதான் கை பழைய நிலைமைக்கு வந்திருக்கு" என்றான் ஆர்வில்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியில் நூல் கோக்கவே வெகுநேரமாயிற்று. கடைசியில் டோரீன்தான் கோத்துக் கொடுத்தாள். அவன் ஒரு வரிசை போட்டான். ஒன்று தூக்கல், ஒன்று தொய்வு, ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை நீளம். தைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான். டோரீன் காலுறையைக் கழற்றி, கட்டைவிரலை விட்டு, மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"மாட்டுது" என்றாள்.

அந்தப் போர்வைதான் இன்றும் அவர்கள் கட்டிலில் கிடக்கிறது. டோரீன் மெத்தைக்கு ஒரு சாண் மேலே தூங்குகிறாள். வெயில் காலத்தில் முதுகுக்கு நல்ல காற்றோட்டமாக இருக்கிறதாம்.