வடக்குச் சுவர்

தம்பி, ஈரம் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வடக்குச் சுவருக்குள் நுழைந்திருந்த உத்திரத்தின் முனையில் அழுத்தினான். ஈரம் இருபத்திநாலு சதவீதம் காட்டியது. பதினெட்டுக்குக் கீழே இறங்கும்வரை சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்பது அக்காவின் கட்டளை.

இருநூறு வருடத்துக் கல்வீடு அது. இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில் குளிர் ஏறாமல் உட்புறம் மரநார்ப் பலகை பதிப்பதுதான் அக்காவின் தொழில். முப்பது வருடத்தில் அவள் கை வைத்த சுவர் ஒன்றுகூடப் பூசணம் பிடித்ததில்லை. போட்டிக்காரர்களே வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்வார்கள். ஊரார் வீட்டையெல்லாம் முடித்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தபோது நோய் முந்திக்கொண்டது. பூச்சு உரித்த சுவருக்கு எதிரே நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். வேறு அறைக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். சுவரைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராதாம்.

அவள் கணவர் தம்பியைத் தனியே அழைத்துக் கெஞ்சினார். தெர்மோகோலை ஒட்டி பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஒரு மணி நேர வேலை. இருக்கிற நாலு நாளாவது அவள் கதகதப்பாக இருக்கட்டுமே என்றார். தம்பிக்கும் மனசு கேட்கவில்லை. சுவர் காய்ந்துவிட்டதென்று அக்காவிடம் பொய் சொன்னான்.

அவள் மீட்டரை வாங்கி, அதில் நின்ற இருபத்திநாலைப் பார்த்தாள். திட்டவில்லை.

"இப்ப மூடினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும்டா. உத்திரம் உளுத்து, அஞ்சு வருஷத்துல மாடியே இறங்கிடும். நான் நாலு நாள்தான். உங்க மாமா இங்கதான் இருக்கணும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா இறந்துபோனாள்.

மழை விட்ட கையோடு சொந்தபந்தங்கள் நனைந்த கோட்டுகளோடு வந்து அறையை அடைத்துக்கொண்டார்கள். அத்தனை பேர் மூச்சிலும் ஜன்னல் கண்ணாடி மங்கியது. அழுதுகொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். வடக்குச் சுவர் வேர்த்திருந்தது. இந்த நேரத்தில் சுவரில் ஈரம் ஏறுகிறதே என்ற நினைப்பா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். குளிர்காற்று சீறிக்கொண்டு வந்தது.

"சாவு வீட்டுல என்னடா பண்ற? எல்லாரும் விறைச்சுப் போறதுக்கா?" என்றார் சித்தப்பா.

காலையிலிருந்து அசையாமல் அவள் தலைமாட்டில் இருந்த மாமா எழுந்தார். ஜன்னலைச் சாத்தத்தான் வருகிறார் என்று தம்பி நினைத்தான். அவர் அவனைத் தாண்டிப் போய், எதிர் ஜன்னலின் இறுகிப்போன கொண்டியைக் கையால் இரண்டு தட்டு தட்டித் திறந்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அக்காமேல் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.