பிளாட்பாரத்து இலவமரம்

ஹெலனும் ஜெனியும் ஆறு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்குள் ஆளுக்கு ஒரு மூன்று வரிக் கவிதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள். ஹெலன் டெல்லியில் துவாரகா பக்கம் குடியிருந்தாள், ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். ஜெனி புசா ரோட்டில் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் பழக்கமானவர்கள். அவர்களுக்குள் இரண்டே விதிகள். எழுதுவது கண்ணால் பார்த்ததாக இருக்கவேண்டும். பருவத்தின் பெயரைச் சொல்லாமலே அது என்ன பருவம் என்று தெரியவேண்டும். அந்தக் கவிதைகளை வேறு யாருக்கும் காட்டியதில்லை. ஹெலனின் கணவர் இருதயசாமிகூடப் பார்த்ததில்லை.

இந்த ஜனவரியில் ஒருநாள் ஜெனியிடமிருந்து இப்படி வந்தது:

*பனிமூட்டத்துல ஸ்கூல் மணி*
*அடிச்சவ நான்தான்*
*எனக்கே எங்கிருந்தோ கேக்குது*

ஹெலன் மெட்ரோவில் நின்றபடியே அதை நாலு தடவை படித்தாள். இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டாள். உன்னால் இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தெரியாதே என்று கேட்டதற்கு, எழுதியது தானில்லை என்று ஜெனி சொன்னாள். அவள் பள்ளியில் ஆயாவாக இருக்கும் பவுனு சொன்னதாம். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிக்கப்பட்டபோது ஊரின் வடகோடியில் நரேலாவில் வீடு கிடைத்துப் போன குடும்பம் பவுனுவுடையது. இரண்டு பஸ் மாறி வந்து காலை மணியை அடிப்பவள் அவள்தான்.

நம் விளையாட்டில் அவளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஜெனி கேட்டாள். தாராளமாக என்று ஹெலன் சொன்னாள். வேறென்ன சொல்வது?

பவுனு டைப் அடிக்கமாட்டாள், குரலில் பேசி அனுப்புவாள். பின்னால் பஸ் ஹாரனும் கண்டக்டரின் இந்தியும் கேட்கும். ஒருநாள் சொன்னாள்:

*வெயில் நகர நகர*
*நகத்தி வைக்கிறேன்*
*கீழ்வீட்டு ஊறுகாய் ஜாடி*

கேட்டு முடித்தபோது ஹெலனுக்கு வயிறு எரிந்தது. தானும் அன்று நன்றாகத்தான் எழுதியிருந்தாள், நாடி பார்க்கக் கை நீட்டினால் நோயாளி "தேய்ச்சு சூடாக்கிட்டு வா" என்று சொல்வதாக. ஆனால் ஜெனி பவுனுவுக்குப் பெரிதாகப் பதில் எழுதிவிட்டு ஹெலனுக்குக் கட்டைவிரல் மட்டும் போட்டிருந்தாள். அந்தக் கட்டைவிரல் நாள் முழுக்க ஹெலனின் கண்முன் நின்றது. வார்டில் ஜூனியர்கள்மீது எரிந்து விழுந்தாள். முன்பெல்லாம் சாயங்காலம் ஜெனி தானாகவே போன் பண்ணுவாள். இப்போது ஹெலன் கூப்பிட்டால், பவுனு என்ன சொன்னாள் தெரியுமா என்றுதான் ஆரம்பிப்பாள்.

மார்ச் வந்தது. ஒருநாள் காலை ஹெலன் டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்து எழுதினாள்:

*இலையில்லாத இலவமரம்*
*மெட்ரோ நின்றதும்*
*ஒரு பூ இறங்குகிறது*

எங்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தை ஒட்டி நிற்கும் மரம் என்று கீழே ஒரு குறிப்பும் போட்டாள். அப்படி ஒரு மரமே கிடையாது. பிளாட்பாரத்துக்கு வெளியே இருப்பது விளம்பரப் பலகை.

ஆறு வருஷத்தில் நீ எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று ஜெனி உடனே எழுதினாள். அன்றைக்கு ஹெலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜூனியர்களுக்கு சமோசா வாங்கிக் கொடுத்தாள். பவுனுவிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. அதுவும் ஹெலனுக்கு இனித்தது. மூன்றாம் நாள் பவுனுவின் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, அந்த மரத்தைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டாள்.

ஹெலன் பதில் போடவில்லை. மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று எழுதுவாள், அழிப்பாள். பதில் இல்லாவிட்டால் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. பவுனு ஸ்டேஷனில் நிற்கிறாளாம்.

ஹெலன் போனபோது, நாற்பது வயதிருக்கும் ஒல்லியான பெண்ணொருத்தி ஸ்டேஷன் வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிளாட்பாரத்தையும் கோடிக்குக் கோடி நடந்து பார்த்துவிட்டாளாம். காவலுக்கு நிற்கும் கார்டு பையாவிடம் கேட்டால் அவன் சிரித்தானாம்.

"எந்தப் பக்கம் சிஸ்டர்?"

வெட்டிவிட்டார்கள் என்ற சொல் ஹெலனின் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பாதத்தைப் பார்த்தபின் அது வெளியே வரவில்லை.

"மரம் இல்ல பவுனு. நான் பாக்கவே இல்ல. சும்மா எழுதிட்டேன்" என்றாள். "உன்னைவிட நல்லா எழுதணும்னு இருந்துச்சு."

பவுனு செருப்பை மாட்டிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று ஹெலன் நினைத்தாள்.

"எனக்கு அப்பவே சந்தேகம் சிஸ்டர்" என்றாள் பவுனு. "பூ இறங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. அது என் வாயில வரலையேன்னு. நிஜமா இருக்குதான்னு பாத்துடலாம்னுதான் வந்தேன்."

"இப்போ?"

"இப்போ நல்லா இருக்குது" என்றாள் பவுனு ஒளிக்காமல். பிறகு குரல் மாறியது. "ஆனா மூணு மணி நேரம் வந்திருக்கேன். வரும்போது பஸ்ல உக்கார எடம்கூட இல்ல. வராதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ஹெலன் மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்குக் கூப்பிட்டாள். பவுனு வரவில்லை. பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், ஜல்தி போகவேண்டும் என்றாள். ரோட்டோரத்தில் குல்ச்சா ரொட்டி மட்டும் சாப்பிட்டார்கள். ஜெனி டீச்சரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கோள் சொன்னதுபோல் ஆகும் என்று சொல்லிவிட்டு பவுனு ரயிலேறினாள்.

அன்று சாயங்காலமே ஹெலன் ஜெனியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைவிரல் சங்கதியைக்கூட விடவில்லை. ஜெனி குறுக்கே பேசாமல் கேட்டாள். கட்டைவிரல் போட்ட அன்று தனக்குக் காய்ச்சல் என்றாள். பிறகு, "ஒரு வாரத்துக்கு நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம் ஹெலன். நாங்க அனுப்பறதப் படி போதும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரம் ஹெலன் படித்தாள். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு வரியிலும் குற்றம் தேடினாள். மூன்றாம் நாள், வேப்பஞ்சருகு பெருக்கப் பெருக்க விழுவதைப் பற்றிப் பவுனு சொன்னதைக் கேட்டு அவளை அறியாமல் சிரித்துவிட்டாள். பொறாமை போய்விடவில்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்தது. ஆனால் பதிலுக்கு என்ன எழுதுவது என்ற கணக்கு இல்லாததால் அந்த வரிகள் முழுதாக உள்ளே வந்தன.

எட்டாம் நாள் இருதயசாமி, வெயில் ஏறுகிறதே என்று, பால்கனியில் இருந்த புல்தட்டி வைத்த ஏர் கூலரைத் துடைக்கத் திறந்தார். ஹெலன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்:

*கூலரைத் திறந்தால்*
*போன வருஷத்துப் புல்லுக்குள்*
*ஒரு குளவிக்கூடு*

சாதாரணமாகத்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் எழுந்து போய், கூடு அங்கேதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.