குறுக்குக் கோடு

மேலாளர் வருகைப் பதிவேட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்ததுமே காவலாளி மேசையை நோக்கி ஓரடி எடுத்துவைத்தார். கிடங்கில் மூன்று மோட்டார்கள் காணாமல் போயிருந்தன. யார் வந்தார், யார் போனார் என்று பார்க்கத்தான் பதிவேட்டை உள்ளே வாங்கினார்கள். அதன் பின்பாதியில், நூற்று நாற்பத்து மூன்று பக்கங்களுக்கு, காவலாளி எழுதிய நாவல் இருந்தது. நகல் கிடையாது.

தனி நோட்டில் எழுதினால் வெட்டிவேலை என்பார்கள், பதிவேட்டில் குனிந்திருந்தால் கடமை என்பார்கள். அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது கழுத்தை அறுத்தது. மருந்துக்கடை, அச்சகம், பேருந்து, காப்பீடு என்று முப்பது வருடம் சுற்றியவர் அவர். ஒவ்வொரு வேலையிலும் எழுத நேரம் கிடைக்கும் என்று சேர்ந்தார், கிடைக்கவில்லை என்று விட்டார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஐம்பத்து நான்கு வயதில், அவள் தம்பி யார் யார் காலையோ பிடித்து வாங்கித் தந்த இந்த வாசல் நாற்காலியில்தான் எழுத்து வந்தது.

மேலாளர் ஒரு வரியை உரக்க வாசித்தார். கதையில் வரும் காவலாளி கதவைத் திறந்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொள்கிற இடம்.

"இது நடந்ததா?"

அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மச்சினன் பக்கத்தில் நின்றான். சிபாரிசு செய்தவன் என்பதால் அவன் வேலையும் இதில்தான் தொங்கியது. "சும்மா கிறுக்கினதுன்னு சொல்லிடுங்க மாமா" என்றான் மெல்ல.

தன் வரியை இன்னொருவர் வாயால் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல்முறை. வெட்கங்கெட்ட சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சும்மா கிறுக்கினதுதான் சார்."

மேலாளர் பொல்லாதவர் இல்லை. போலீசில் புகாரோடு பதிவேட்டையும் கொடுக்க வேண்டும், பின்பக்கங்களைக் கிழித்தால் தையல் விட்டு முன்பக்கங்களும் கழன்றுவிடும் என்று யோசித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அலுவலக வழக்கம்தான்.

மச்சினன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான், காவலாளி ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். ஐம்பது பக்கம் போனபின் திருப்புகிற கை தாமதித்தது. அவன் கண் வரிகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் அவசரப்படுத்தவில்லை. அவன் முடிக்கும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

கடைசிப் பக்கம் வந்தது.

"அப்புறம் அந்த வாட்ச்மேன் என்ன ஆனான், மாமா?"

முடிந்த வரிக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. அவர் ஸ்கேலை வைத்து, அந்த வெற்றிடத்தையும் சேர்த்துக் கோடு இழுத்தார்.