இறங்கிப் போனவர்கள்

திராட்சைத் தோட்டத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சங்கில் மொண்டு அப்பாவின் வாயில் விட்டான் சுருளிராஜன். அது கடைவாய் வழியாகத் தலையணைக்கு இறங்கியது.

"தோட்டத்த விட்டுப் போக மனசில்ல இவருக்கு."

"ஏலே, மண்ணாசைன்னா நேத்தே அடங்கிருக்கும்" என்றாள் அக்கா அனுசுயா.

அப்பா ராக்கப்பனுக்கு நூறு வயது நெருங்குகிறது. எதைப் பிடித்துக்கொண்டு உயிர் ஓடுகிறதோ என்று டாக்டரே கையை விரித்துவிட்டுப் போனார். கை பிடித்திருந்தது என்னவோ கட்டிலின் ஓரக் கயிற்றை. விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்குச் சுற்றி இறுக்கியிருந்தார். பிரிக்கப் போனால் அந்த வயதுக்கு இல்லாத பலம் வந்தது.

அறையில் பெட்ரோல் வாசனை வேறு.

"பைக்க உள்ள நிறுத்துனயா?"

"பைக்கு சர்வீசுக்குப் போயிருக்குக்கா."



அப்பாவின் உதடு அசைந்தது. அனுசுயா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இன்னும் கை காட்டல."

யுத்தகாலத்தில், அஸ்ஸாம் பக்கம் ஒரு விமானத்தளத்தில், காக்கி டவுசர் போட்ட வயதில், அப்பாவுக்கு ஒரே வேலை. குண்டுபோடும் விமானத்தின் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கும். விமானி கட்டைவிரலை உயர்த்தியதும் அதைக் கயிற்றால் இழுத்துவிட வேண்டும். ஒருநாள் அப்படி இழுத்துவிட்ட விமானம் ஓடியது, ஓடியது, எழும்பவே இல்லை. ஓடுபாதைக் கடைசியில் மரங்களில் மோதி எரிந்தது. உள்ளே இருந்த ஏழெட்டு வெள்ளைக்காரரில் ஒருவரும் மிஞ்சவில்லை. "கட்டைய இழுத்தது நாந்தேன்" என்பதற்கு மேல் அப்பா அதைப் பற்றிப் பேசியதில்லை.

தம்பியிடம் சொன்னாள்.

"அக்கா, அப்ப நீயே கை காட்டிரு. இந்தப் பாடு படாமப் போகட்டும்."

அனுசுயா கால்மாட்டில் போய் நின்று கட்டைவிரலை உயர்த்தினாள். அப்பாவின் கண்கள் விரிந்தன. தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். கயிறு இன்னும் இறுகியது. கட்டில் கால்கள் தரையில் கடகடவென்று அதிர்ந்தன.

"வேணாங்கா. பயப்புடுறாரு."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் சைகைக்காகக் காத்திருக்கவில்லை. விமானத்தைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறார்.

விரலை மடக்கிக்கொண்டு அவர் காதருகே வந்தாள்.

"அப்பா, வண்டி இன்னைக்குப் போகல. எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாக."

"எறங்கிட்டாகளா?" பல நாளுக்குப் பிறகு தெளிவாக வந்த பேச்சு.

"எறங்குறாக. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். பார்வை கால்மாட்டிலிருந்து கதவு வரை போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. ஒவ்வொருவராகக் கடந்து போவதைப் பார்க்கிறவர் போல. சுருளிராஜன் தன்னை அறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டான்.

கடைசியில் பார்வை கதவிலேயே நின்றது. கயிறு தளர்ந்தது.

அனுசுயா அப்பாவின் கண்களை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள். அழுகை இன்னும் வரவில்லை. எதிர்வீட்டுத் தவசி திராட்சைப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர், இவளைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சா தாயி?"

"நாங்க யாருக்கும் சொல்லலயே. எப்படித் தெரியும் மாமா?"

"வந்தவுக வாசல்ல நின்னு ஒருத்தரும் போயிட்டு வாரோம்னு சொல்லல. சாவு வீட்டுலதான அப்படிச் சொல்லிக்கிடாமப் போவாக."

"யாரு வந்தவுக?"

"வெள்ளைக்காரவுக, ஏழெட்டுப் பேரு. தேக்கடிக்குப் போற டூரிஸ்டுகன்னு நெனச்சேன். இந்த வெயில்ல தோல் கோட்டு." தவசி கொஞ்சம் யோசித்தார். "கூட நம்ம ஆளு ஒருத்தரு. காக்கி டவுசரு, எளவட்டம். அவருதேன் முன்னாடி நடந்து கூட்டிட்டுப் போனாரு."

அனுசுயா படியிறங்கினாள். தெருவின் இரு முனையையும் பார்த்தாள். டவுன் பஸ் வராத நேரம். காற்றும் இல்லை. கிழக்கே, தெரு முடியும் இடத்தில், எழும்பிய புழுதி இன்னும் அடங்காமல் நின்றது.